உள்ளபடி வாசித்தவர்

அந்தத் தெருக்களில் அவருக்குப் பெயர் 'உள்ளபடி'. சொந்தப் பெயர் தண்ணீர் அலுவலகத்து வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. குழாய் மீட்டர் கணக்கெடுப்பது அவர் வேலை. வாசலோரம் தரையில் பதித்திருக்கும் இரும்பு மூடியைக் கொக்கி போட்டுத் தூக்கி, குந்தி உட்கார்ந்து, கண்ணாடியைத் துணியால் துடைத்து, உள்ளே தெரியும் எண்களைத் தன் நோட்டில் எழுதுவார். வீட்டுக்காரர் யாராவது பின்னால் நின்று, "கொஞ்சம் பார்த்து எழுதுங்கண்ணே" என்று இழுத்தால், "பார்த்துதாம்மா எழுதறேன். உள்ளபடிதான் எழுத முடியும்" என்பார், தலை நிமிராமல். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டது.

மற்ற கணக்கெடுப்பாளர்கள் வீடு பூட்டியிருந்தால் உத்தேசமாக ஒரு எண்ணைப் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விடுவார்கள். இவர் மறுநாள் போவார், அதற்கும் மறுநாள் போவார். ஒரு முறை ஒரு மீட்டருக்குள் சிலந்தி புகுந்துகொண்டது. 'கடைசி எண்ணின் மேல் சிலந்தி உட்கார்ந்திருக்கிறது. நகர்ந்ததும் எழுதப்படும்' என்று நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டு வந்தார். அலுவலகத்தில் அந்தப் பக்கத்தை ஆளாளுக்கு வாங்கிப் படித்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டார்.

"நகர்ந்துச்சா?" என்றாள் அவள்.

"நகர்ந்துச்சு. ஏழு."

அவள் அப்போது சிரித்ததையும் அவர் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் தையல்காரி. புதுத் துணி தைப்பதில்லை. பேன்ட்டின் காலைக் குறைப்பது, அறுந்த ஜிப்பை மாற்றுவது, பிள்ளைகள் வளர வளரச் சீருடையின் மடிப்பைப் பிரித்துவிடுவது. தெருவைப் பார்த்த முன்னறையில் மெஷின். அதற்கு எதிரே ஒரு கட்டில், மூலையில் கண்ணாடி பதித்த ஓர் அலமாரி, அவர் உட்காரும் மர நாற்காலி. பின்னால் சமையலறை. அவ்வளவுதான் வீடு.

வாரத்தில் ஒரு நாள் இருவரும் கூடத்துக்குப் போவார்கள். டயர்க் கடைக்கு மேலே, ரப்பர் வாடை ஏறி வரும் நீளமான அறை. நாற்பது ஐம்பது பேர் தரையில் உட்காருவார்கள். மறைநூல் அங்கே ஒரு மரத்தாங்கியில் விரித்து வைத்திருக்கும். அந்தக் கூடத்துக்காரர்களுக்கு உரை என்பது ஆகாது. மறையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அர்த்தம். அதற்கு மேல் விளக்கம் சொல்ல மனிதனுக்கு வாய் கொடுக்கவில்லை என்பது அவர்கள் கட்சி. சத்தமாக வாசிப்பதற்கு ஒரே ஓர் ஆள்தான், அது அங்கே ஒரு பதவி மாதிரி. இருபது வருடமாக அந்த ஆள் 'உள்ளபடி'தான். ஏற்ற இறக்கமே இல்லாமல், மீட்டர் எண்ணைச் சொல்வதுபோல வாசிப்பார்.

மற்றவர்கள் கூடத்தில் நம்பியதை அவர் தெருவிலும் நம்பினார், அதுதான் வித்தியாசம். 'வழியில் விழுந்து கிடப்பதைத் தாண்டிப் போகாதே' என்று ஒரு வரி உண்டு. எல்லோரும் தலையாட்டிவிட்டு எல்லாவற்றையும் தாண்டித்தான் போனார்கள். இவர் எடுப்பார். ஆணி, பொத்தான், பாட்டில் மூடி, ஒற்றைச் செருப்பு. பிள்ளைகள் வேண்டுமென்றே முன்னால் எதையாவது போட்டு ஓடுவார்கள், அதையும் எடுப்பார். மனைவிக்குக் கல்யாணமான புதிதில் இது பெரிய தலைவலி. ஆனால் ஒரு மத்தியானம் பேருந்து நிலையத்தில் ஒருவர் மயங்கி விழுந்தபோது, குடிகாரன் என்று நினைத்து ஊரே விலகிப் போக, இவர் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸ் வரும்வரை அசையவில்லை. விழுந்தவர் பிழைத்துப் பிறகு வீடு தேடி வந்தார். அன்றிலிருந்து அவள் பொத்தான்களைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

அவர்களுக்கு ஒரே மகள். படித்தவள், பள்ளிக்கூடத்தில் அறிவியல் எடுக்கிறாள். வேலைக்குச் சேர்ந்த வருடம், கூடத்துப் பிள்ளைகளுக்கு மறை சொல்லிக்கொடுக்கும் பொறுப்பையும் அவளிடமே விட்டார்கள். அங்கேதான் வந்தது வினை. மறையில், துன்பப்பட்ட ஒரு ஜனத்தை நோக்கி மலை எழுந்து நடந்து வந்தது என்று ஓர் இடம். ஒரு சின்னப் பெண் கேட்டாள், மலைக்குக் கால் இருந்ததா என்று. இருந்ததென்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். மகள், அது ஒரு மாதிரி சொல்வதுதான், நாம் 'மலை மாதிரி கஷ்டம்' என்கிறோமே அதுபோல, நிஜமாக மலை நடக்காது என்றாள். பிள்ளைகள் வீட்டில் போய் ஒப்பித்தார்கள்.

அடுத்த வாரம் கூடத்தில் அவளை எழுப்பி நிறுத்தினார்கள். கூடத்துப் பெரியவர், கீழே டயர்க் கடை வைத்திருப்பவர், தன்மையாகத்தான் கேட்டார். சொன்னது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லம்மா, முடித்துக்கொள்வோம் என்றார். அவள் பெரியவரைப் பார்க்கவில்லை. தாங்கிக்குப் பின்னால் நின்ற அப்பாவைப் பார்த்தாள்.

"மலை நடந்துச்சுன்னு நம்பினாத்தான் நான் நல்லவளாப்பா?"

யாரோ இளவட்டம் பின்வரிசையில் களுக்கென்று சிரித்தது. மகளுக்காகச் சிரித்ததா, அவரைப் பார்த்துச் சிரித்ததா, தெரியாது. அவர் முகம் வெளுத்ததை மனைவி பார்த்தாள். அவர் வலது கையை விரித்த பக்கத்தின் மேல் வைத்தார். "வரியை மறுத்தவள் முகத்தை என் கண்ணால் பார்க்க மாட்டேன்" என்றார், வாசிக்கும் அதே குரலில்.

பக்கத்தின் மேல் கை வைத்து ஒருவர் சொன்னதை, கூட இருப்பவர்கள் எல்லோரும் ஒரு முறை திருப்பிச் சொல்ல வேண்டும். சாட்சிக்காக. அது அந்தக் கூடத்து முறை. ஐம்பது பேர் முணுமுணுப்பாகச் சொன்னார்கள். மனைவியும் சொன்னாள். பழக்க தோஷத்தில் வாய் தானாக அசைந்துவிட்டது. கடைசி வார்த்தை வரும்போதுதான் என்ன சொல்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. அதற்குள் சொல்லி முடித்தாகிவிட்டது. மகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அன்று வீட்டுக்கு வந்து மனைவி அழவில்லை, சண்டை போடவில்லை. கோபத்தில் சொன்னது, பத்து நாளில் ஆறிவிடும் என்று இருந்தாள். கோபமாக இருந்தால் ஆறியிருக்கும். அவருக்குக் கோபம் அன்று சாயங்காலமே தீர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தது சொல். 'நீ சொன்ன சொல்லைவிட நீ பெரியவனல்ல' என்று மறையில் இருக்கிறது.

மகள் இரண்டு பேருந்து மாறிப் போகிற தூரத்தில் வீடு பார்த்துக்கொண்டாள். கூட வேலை பார்த்தவரைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு அம்மா மட்டும் போய் வந்தாள். ஒரு வருடம் போயிற்று. ஒரு நாள் மனைவி கை நிறைய ஊசிகளோடு இருந்தபோது போன் அடிக்க, அவர் எடுத்தார். மகள்தான். மனைவி பதறி எழுவதற்குள் அவர், "என்ன பாப்பா, சாப்பிட்டியா?" என்றார். நேற்றுப் பேசியவர்போல அரைமணி நேரம் பேசினார். வைத்ததும், வாய் பிளந்து நின்ற மனைவியிடம் விளக்கம் சொன்னார்.

"முகத்தைத்தான் சொன்னேன். குரலைச் சொல்லலை."

அவளுக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. ஒரு வருடமாக நீ போன் பண்ணுவாய் என்று காத்திருந்தாராம், தானாகப் பண்ணத் தோன்றவில்லையாம் என்று மகளிடம் சொன்னாள். சரி, சனிக்கிழமை வருகிறேன் என்றாள் மகள்.

அதற்குப் பிறகு பத்து வருடம் சனிக்கிழமை தவறாமல் நடந்தது இதுதான். மூன்று மணிக்கு மகளின் செருப்புச் சத்தம் தெருமுனையில் கேட்கும். அவர் நாற்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொள்வார். அலமாரிக் கண்ணாடியில் தெரிந்துவிடக் கூடாது என்று அதன் மேல் துண்டைப் போட்டுவிடுவார். மகள் உள்ளே வந்து, அவர் முதுகுக்குப் பின்னால் கட்டிலில் உட்காருவாள். பள்ளிக்கூடத்துக் கதை, பேருந்துக் கதை, தலைமையாசிரியை அடிக்கிற கூத்து எல்லாம் பேசுவாள். அவர் சுவரைப் பார்த்துச் சிரிப்பார். ஆரஞ்சு உரித்து, நார் எடுத்து, ஒவ்வொரு சுளையாகத் தோளுக்கு மேலே பின்னால் நீட்டுவார். அவள் வாங்கிக்கொள்வாள். எத்தனையோ தடவை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். கையையும் அவர் சொல்லவில்லையே.

பேத்தி பிறந்தபின் அவள் மட்டும் தாத்தாவுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்தில் புகுந்து மடியில் ஏறிக்கொள்வாள். அவர் அந்தக் குட்டியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தையல் மெஷினிலிருந்து கவனிப்பது மனைவிக்கு ஒரு சித்திரவதை. நெற்றி, மூக்கு, அந்தக் குறும்புச் சிரிப்பு, எல்லாம் அம்மாவுடையது. அவர் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருப்பார். பேத்தி ஒரு நாள் தன் வகுப்பில், எல்லாருடைய தாத்தாவும் அம்மாக்களுக்கு முதுகைத்தான் காட்டுவார்கள் என்று அடித்துப் பேசிவிட்டு வந்தாளாம். மகள் இதைச் சொல்லிச் சிரித்தபோது அவர் மட்டும் சிரிக்கவில்லை.

மகள் கிளம்பிப் போனதும் மனைவியிடம் விசாரணை தொடங்கும். அவர் கண்ணாக அவள்தான் இருந்தாள். இளைத்திருக்கிறாளா, தூங்கிய முகமாக இருக்கிறதா, தலைமுடி எப்படி.

"கண்ணுக்குக் கீழ கொஞ்சம் கறுத்திருக்கு."

"ரெண்டுக்கும் கீழயா?"

"ஆமா, ஒண்ணுக்குக் கீழ மட்டும் கறுக்குமாக்கும்."

"எவ்வளவு கறுப்பு?"

அவள் துணியில் கோடு போடும் சுண்ணாம்புக் கட்டியை மேஜை மேல் எறிந்துவிட்டு, போய்ப் பாருங்களேன் என்பாள். அவர் தலை குனிந்துகொள்வார். கொஞ்ச நேரம் கழித்து அவளே சொல்வாள், ரொம்ப இல்லை, மழை வருவதற்கு முன்னால் வானம் இருக்குமே, அந்த அளவு என்று. அவர் அதை ஏற்றுக்கொள்வார். அந்த மாதிரிப் பேச்சு மட்டும் அவருக்கு எப்படிப் புரிந்ததோ.

ஐம்பத்தெட்டு வயதில் அவர் நோட்டில் முதல் தப்பு வந்தது. ஒரே தெருவில் மூன்று வீடுகளுக்கு எண்ணின் முதல் இலக்கமே இல்லை. அலுவலகத்தில் நம்பவில்லை, எழுதியது வேறு ஆள் என்று நினைத்தார்கள். அவர் திரும்பப் போய் மூடியைத் தூக்கிப் பார்த்தார். தலையை இடது பக்கம் திருப்பினால்தான் அந்த முதல் இலக்கம் கண்ணில் பட்டது. திரும்பி வரும்போது தான் திறந்து வைத்த மூடியிலேயே கால் இடறி விழுந்தார்.

கண் மருத்துவமனையில் டாக்டர் ஒரு இளம்பெண். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு ஓரத்திலிருந்து பட்டுக்கொண்டே வருகிறது என்றார். கையைக் குழல்போல மடித்துக் கண்ணில் வைத்துக்காட்டி, இப்போது நீங்கள் பார்ப்பது இப்படித்தான், இந்த வட்டம் சின்னதாகிக்கொண்டே போகும் என்றார். போனது வராது. இருப்பதைக் காப்பாற்றலாம். ஒரு சொட்டு மருந்து. தினமும் சாயங்காலம் ஒரு சொட்டு, இரண்டு கண்ணிலும், ஆயுசுக்கும். விட்டால் ஒரு வருடத்தில் மொத்தமும் போய்விடும். இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "நடுவுல இருக்கிறதுதான் கடைசியாப் போகுமா?" என்று ஒன்றே ஒன்று கேட்டார். ஆமாம் என்றார் டாக்டர்.

வேலையிலிருந்து அவரை விடுவித்துவிட்டார்கள். அவர் நாள் முழுவதும் அந்த மர நாற்காலியில் இருந்தார். அவளுக்கு அன்றிலிருந்து மனசில் ஒரே ஓர் எண்ணம். மருந்து பிடித்தாலும் பிடிக்கும், பிடிக்காமலும் போகும். நடுவில் அந்த வட்டம் இருக்கும்போதே இந்த மனுஷன் மகள் முகத்தை ஒரே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். பத்து வருடம் தான் வாயால் சொல்லிச் சொல்லிக் காட்டிய முகம். தான் சொன்னது பாதிகூட இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

முதலில் அவரிடமே கெஞ்சினாள். பலிக்கவில்லை. மகளின் கல்யாணப் படத்தை எடுத்து நீட்டினாள். படத்தில் இருப்பதும் முகம்தானே என்று கவிழ்த்து வைத்தார். கடைசியில் டயர்க் கடைக்குப் போய்ப் பெரியவரைப் பார்த்தாள். அவருக்கும் வயதாகிவிட்டிருந்தது. சொன்னதைக் கேட்டதும் அவர் வாயில் இருந்த டீயை விழுங்க மறந்து அவளைப் பார்த்தார்.

"அதையாம்மா இன்னும் புடிச்சிக்கிட்டிருக்காரு? அன்னிக்கு ஏதோ சூட்டுல சொன்னது. என் பையன்கூடத்தான் கூடத்துப் பக்கம் வர்றதில்ல, ஒண்ணாத்தானே சாப்பிடறோம். போய்ப் பார்க்கச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு."

அவள் கால் தரையில் படாமல் வீட்டுக்கு வந்தாள். மூச்சிரைக்கச் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எந்த வரின்னு சொன்னாரா?" என்றார்.

"எது எந்த வரி?"

"கை வச்சுச் சொன்னதை அவர் விடச் சொல்லலாம்னு. எந்தப் பக்கத்துல இருக்குன்னு கேட்டியா?"

அப்படி வரி இல்லை என்று அவளுக்கும் தெரியும், பெரியவருக்கும் தெரியும். கூடம் முழுக்க மறந்துவிட்ட ஒன்றை இந்த ஒரு மனிதர் மட்டும் தூக்கிக்கொண்டு நடக்கிறார் என்பது அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது. மறுப்பதற்கு எதிரே ஆளே இல்லை. யாரோடு சண்டை போடுவது?

ஏமாற்றிவிடலாம் என்று நினைத்தாள். மகளுக்குப் போன் போட்டு, புதன்கிழமை மத்தியானம் செருப்பை முனையிலேயே கழற்றிவிட்டுச் சத்தம் இல்லாமல் வந்து வாசலில் நில்லு, நாற்காலி அந்த நேரத்தில் தெருவைப் பார்த்துத்தான் இருக்கும், நல்ல வெளிச்சமும் இருக்கும் என்றாள். மகள் ஒத்துக்கொள்ளவில்லை.

"திருடி மாதிரி வந்து நிக்கணுமாம்மா? பார்த்துட்டா அப்புறம் அவர் உடைஞ்சிடுவார். அவரே திரும்பட்டும். திரும்புவார், நீ பாரு."

"எப்படி நிச்சயமாச் சொல்றே?"

"எனக்காகத் திரும்பாம எப்படிம்மா இருப்பார்?"

அப்பன் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது என்று நொந்துகொண்டாள். ஆனால் மகள் சொன்ன விதத்தில் அவளுக்கும் கொஞ்சம் நம்பிக்கை ஒட்டிக்கொண்டது. மருந்துதான் இருக்கிறதே, நாள் கிடைக்கும் என்று மனசைத் தேற்றினாள்.

நாள் கிடைக்கவில்லை. வட்டம் சின்னதாகிக்கொண்டே வந்தது. டம்ளரை வைக்கும்போது மேஜை விளிம்பைத் தவறவிட்டார். பேத்தியின் முகத்தை ஒரே பார்வையில் பார்க்க முடியாமல், நெற்றியில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கினார். மருந்து இவ்வளவு போட்டும் கேட்கவில்லையே என்று அவள் தவித்தாள்.

பத்தாவது மாதத்தில் ஒரு நாள் காலை, குளியலறைப் பரண்மேல் ஒட்டடை அடிக்கும்போது அவருடைய பழைய மீட்டர்ப் பை கைக்குத் தட்டுப்பட்டது. உள்ளே எட்டு மருந்து பாட்டில்கள் இருந்தன. ஒன்றிலும் மூடியைச் சுற்றிய பிளாஸ்டிக் வளையம் அறுபடவில்லை.

அவள் அந்த ஈரத்தரையிலேயே உட்கார்ந்தாள். ஒவ்வொரு சாயங்காலமும் தான் கேட்டதையும் அவர் சொன்னதையும் ஞாபகப்படுத்திப் பார்த்தாள். மருந்து நேரமாச்சே என்றால், ஆமா, ஆச்சு என்பார். எடுத்துக்கிட்டீங்களா என்றால், கையில்தான் இருக்கிறது என்பார். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கொஞ்ச நேரம் கழித்து வருவார். ஒரு நாளும் 'போட்டுக்கொண்டேன்' என்று சொன்னதில்லை. பத்து மாதத்தில் ஒரே ஒரு பொய் கிடைக்காதா என்று தேடினாள். கிடைக்கவில்லை.

பாட்டில்களை மடியில் கட்டிக்கொண்டு போய் அவர் எதிரே கட்டிலில் கொட்டினாள். சத்தத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஏங்க இப்படிச் செஞ்சீங்க?"

"போடச் சொன்னாங்க. போடறேன்னு நான் சொல்லலை."

"கண்ணு போயிடுங்க."

"போகட்டும். என் கண்ணால பார்க்க மாட்டேன்னுதான் சொன்னேன். கண்ணு போயிட்டா பாப்பா எனக்கு எதிர்ல உட்காரலாம். எதிர்ல உட்கார்ந்து பேசலாம். முகத்தைத் தொட்டுப் பார்க்கலாம். தொடறப்போ கண் திறந்துருமோன்னு பயப்பட வேண்டாம்."

"ஒரே ஒரு தடவை பார்த்துட்டு மருந்தைப் போட்டிருக்கலாமே. அவளையும் பார்த்திருக்கலாம், கண்ணும் இருந்திருக்கும்."

"பார்த்துட்டா அப்புறம் அவ எதிர்ல உட்கார்றது யாரு? சொன்னதை விட்டவன். அந்த ஆளை அவளுக்குத் தெரியாது."

அவள் ஒரு பாட்டிலை எடுத்து வளையத்தைத் திருகினாள். அது அறுபடவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். தலையைச் சாய்க்கச் சொன்னாள். அவர் மறுக்காமல் சாய்த்தார். அவள் இமையை விரித்து, கண்ணீரும் மருந்தும் ஒன்றாக விழ இரண்டு கண்ணிலும் விட்டாள். அவள் போட்டுவிடுவதைத் தடுக்கிறேன் என்றும் அவர் சொல்லியிருக்கவில்லை. பத்து மாதத்தில் ஒரு நாள் பாட்டிலைத் தன் கையில் வாங்கிப் போட்டிருந்தால், மூடி திறக்காதது அன்றே தெரிந்திருக்குமே என்று நினைத்தாள்.

மறுநாள் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்தார். இடது கண் முடிந்துவிட்டது, வலது கண்ணில் வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியும் அளவுக்குத்தான் மிச்சம் என்றார். மருந்து போட்டுமா இப்படி என்று ஆச்சரியப்பட்டார். "போடலைங்க" என்றார் அவர். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு, இந்த அம்மாவை ஒரு மாதிரி பார்த்தார். இவள் அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டாள். பத்து மாதமாக ஒரு மூடியைத் திறந்து பார்க்காதவளால் என்ன சொல்ல முடியும்?

வலது கண்ணும் இரண்டு மாதத்தில் அணைந்தது. ஒரு காலையில் எழுந்து உட்கார்ந்தவர், ஜன்னல் திறந்திருக்கிறதா என்று கேட்டார். வெயில் அவர் முழங்கால்மேல் விழுந்துகொண்டிருந்தது.

அந்த வாரம் சனிக்கிழமை, செருப்புச் சத்தம் கேட்டபோது அவர் நாற்காலியைத் திருப்பவில்லை. சலவைச் சட்டை கேட்டு வாங்கிப் போட்டிருந்தார். தலை வாரிவிடச் சொல்லியிருந்தார். வாசலில் வந்து நின்ற மகள், தன்னைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் அப்பாவைப் பார்த்துச் சிலையாகிவிட்டாள். பன்னிரண்டு வருடத்தில் அவர் நெற்றியை அவள் பார்த்ததே இல்லை.

"வா பாப்பா. இப்படி எதிர்ல உட்காரு" என்றார்.

மகள் கட்டிலின் விளிம்பில், அவர் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள். பேத்தி, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நடுவில் நின்றாள். அவர் இரண்டு கையையும் தூக்கி மகளின் முகத்தைத் தேடிப் பிடித்தார். நெற்றியில் கட்டைவிரலை வைத்துப் புருவத்தின் வழியாக இறங்கினார். கன்னம், தாடை. வயதாகிவிட்டதே உனக்கு என்றார். பின்னே ஆகாதா என்று அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "நான் சொன்னேன் பார்த்தியா, திரும்பிட்டாரு" என்று அம்மாவிடம் சொன்னாள். அந்தச் சந்தோஷத்தை நேராகப் பார்க்க முடியாமல் அம்மா மெஷினின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்புறம்தான் மகளுக்கு மற்றது தோன்றியது. அறிவியல் படித்த பெண். அப்பாவின் கண்களைக் கிட்டத்தில் குனிந்து பார்த்தாள். விரலை அவற்றின் முன்னால் அசைத்தாள். அவளுடைய புருவம் சுருங்குவதை அவர் கைகளே உணர்ந்திருக்கும்.

"இவ்வளவு சீக்கிரமா எப்படிம்மா போச்சு? மருந்து இருந்தா நிறுத்தி வைக்கலாம்னாங்களே. ஒழுங்காப் போட்டாரா?"

அவர் உதடு பிரிந்தது. கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவார். நாற்பது வருடமாக மனைவிக்குத் தெரிந்த மனிதர். சொன்னால் இந்தப் பெண் இன்று எழுந்து போகும்போது எதைச் சுமந்துகொண்டு போவாள் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. மலை நடந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்பாவுக்குக் கண் இருந்திருக்கும் என்று ஆயுசு முழுக்க நினைப்பாள்.

"ஒரு நாள் விடலை" என்றாள் அவள். "நான்தான் போட்டுவிட்டேன். சில பேருக்குக் கேக்காதாம். டாக்டரே சொன்னாங்க."

மகள் அப்பாவின் பக்கம் திரும்பினாள். "அப்படியாப்பா?"

அவர் முகம் மனைவியின் குரல் வந்த திசைக்குத் திரும்பி, அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. மெஷின் சக்கரம் அவள் பிடியில் அரை சுற்றுச் சுற்றி நின்றது. தெருவில் ஒரு சைக்கிள் போயிற்று. அவர் வாயை மூடிக்கொண்டார். மகளின் கன்னத்தில் இருந்த கையை எடுக்கவும் இல்லை, ஆமாம் என்று தலையை ஆட்டவும் இல்லை.

"குட்டி எங்க?" என்றார். "அவளும் வரட்டும்."

பேத்தியை அவர் பக்கம் தள்ளிவிட்டு, டீ போடுகிறேன் என்று மனைவி சமையலறைக்குப் போனாள். பாத்திரத்தைக் குழாயடியில் வைத்தாள். அது நிறைந்து வழிந்தது. நிறுத்தத் தோன்றாமல் அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.